என் டிராயரில் இருக்கும் டிபன் டப்பா

மேடம், வணக்கம். எனக்கு 36 வயது. ஓஎம்ஆரில் ஒரு மென்பொருள் கம்பெனியில் டீம் லீட். எங்கள் டீமில் 14 பேர் இருந்தோம், மார்ச்சுக்கு அப்புறம் 9 பேர்தான். போனவர்களில் ஒருவர் நான் சேர்ந்த புதிதில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை கற்றுக்கொடுத்தவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். பிப்ரவரியில் மேனேஜர், ரேட்டிங்கில் கடைசி மூன்று பேர் யார் என்று கேட்டார். வழக்கமான அப்ரைசல் என்று நினைத்து, அண்ணாவுக்குப் பிரமோஷன் ஆசையெல்லாம் இல்லை, ஒரு வருஷம் குறைந்தால் ஒன்றும் ஆகிவிடாது என்று கணக்குப் போட்டு அவர் பெயரையும் எழுதிவிட்டேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு ஹெச்ஆர் அவரைக் கூப்பிட்டது. பத்து நிமிஷம். நீங்களாக ராஜினாமா செய்தால் ரிலீவிங் லெட்டரில் பிரச்னை வராது என்றார்களாம். லேப்டாப்பை ஒப்படைத்துவிட்டு என்னிடம் 'வரேன்டா' என்று சொல்லிவிட்டுப் போனார். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டார். எவர்சில்வர் டப்பா, மூடியில் அவர் அம்மா பெயர் பொறித்திருக்கும். அதைக் கழுவி என் டிராயரில் வைத்தேன். மூன்று மாதமாக அங்கேயே இருக்கிறது. ஃபோன் செய்யத் தைரியம் வரவில்லை.

மறுநாள் ஆன்லைன் மீட்டிங்கில் தலைமை அதிகாரி 'நாம் ஒரே குடும்பம்' என்று பேசினார், நாங்கள் கேள்வி கேட்க முடியாதபடி சாட் பகுதியை மூடி வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து ஆபீஸே மாறிவிட்டது. யாரும் 'எனக்கு இது தெரியவில்லை' என்று சொல்வதில்லை. எதற்கெடுத்தாலும் பத்து பேரை சிசியில் போட்டு மெயில். போன வாரம் ஒரு பையன் தன் கோடில் இருந்த தப்பை இரண்டு நாள் மறைத்து, கடைசியில் கிளையன்ட் கண்டுபிடித்தார். அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. உனக்காவது வேலை இருக்கிறதே என்கிறாள் மனைவி. அண்ணாவின் சோற்றில் மண்ணைப் போட்டது நான்தானா?

(பெயர் வேண்டாம், சோழிங்கநல்லூர்)

அன்புள்ள தம்பி,

பெயரை எழுதியது நீங்கள்தான். உங்கள் தப்பே இல்லை என்று நான் சொன்னால் நீங்களே நம்ப மாட்டீர்கள். ஆனால் எதற்கு என்று சொல்லாமல் உங்களிடம் பட்டியல் வாங்கியதும், வெளியே அனுப்புவதை ராஜினாமா என்று எழுதி வாங்கியதும், கேள்வி கேட்கும் வாயை அடைத்ததும் உங்களுக்கு மேலே இருப்பவர்கள். அவர்கள் பாரத்தையும் சேர்த்து நீங்கள் சுமப்பதால்தான் தூக்கம் போகிறது.

அந்தப் பையன் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதுதான் பெரிதாகத் தெரிகிறது. ஏமி எட்மன்ட்சன் என்ற பேராசிரியை 1990களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக வேலை செய்யும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, செய்ததைப் பயமில்லாமல் சொன்னார்கள். உங்கள் டீமில் இப்போது அந்தப் பயம் வந்துவிட்டது, ஏனென்றால் யார் எதற்காகப் போனார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது, அதனால் எதற்காகவும் போகலாம் என்று ஆகிவிட்டது. நிண்டெண்டோ என்ற ஜப்பானிய வீடியோ கேம் கம்பெனியின் தலைவராக இருந்த சடோரு இவாடா 2013இல் ஆட்குறைப்பு செய்ய மறுத்து, வேலை போய்விடும் என்று பயப்படுகிறவர்களால் நல்ல மென்பொருள் செய்ய முடியாது என்ற பொருளில் பேசினார். 2014இல் விற்பனை சரிந்தபோது தன் சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டார். உங்கள் தலைமையை நீங்கள் மாற்ற முடியாது, சரி. ஆனால் அந்த 9 பேருக்கு நீங்கள்தான் தலைமை. நாளைக் காலை மீட்டிங்கில் 'எனக்கு இது தெரியவில்லை' என்று முதலில் நீங்கள் சொல்லுங்கள். இன்னும் ஆள் குறைப்பார்களா என்று கேட்டால், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லுங்கள், சமாதானத்துக்காக எதையும் சொல்ல வேண்டாம். இனி யாராவது பட்டியல் கேட்டால் எதற்கு என்று மெயிலில் எழுத்தாகக் கேளுங்கள்.

மூன்று மாதமாகத் தூக்கம் கெடுகிறது என்றால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அதுவரை அரசின் டெலி மனஸ் எண் 14416, தமிழிலும் பேசலாம், காசு கிடையாது.

அப்புறம் அந்த டப்பா. ஃபோனில் வேண்டாம், நேரில் போங்கள். நம் வீடுகளில் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டோம், உங்கள் மனைவியிடம் சொல்லி ஏதாவது செய்து போட்டு எடுத்துப் போங்கள். பட்டியலைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள், மன்னிப்பை எதிர்பார்க்காதீர்கள், வேறு கம்பெனியில் ரெஃபரல் தருகிறேன் என்று போனவுடனே ஆரம்பிக்காதீர்கள். அவர் கோபப்படலாம், உட்கார் என்று கூடச் சொல்லாமல் போகலாம். அந்த அம்மா உயிரோடு இருந்தால் டப்பாவை அவர் கையில் கொடுங்கள்.