மெல்லிய படலத்தில் மீகடத்தல்: கேட்டவை, சொன்னவை

குளிர்வித்த பொருளில் எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து, ஒரே தாளத்தில் ஓடி, மின்தடையே இல்லாமல் போவதுதான் மீகடத்தல். மும்பையில் நயோபியம் நைட்ரைடு படலம் பூசி, ஹீலியத்தில் குளிர்வித்து அதை அளப்பது என் பிழைப்பு. கேளுங்கள்.

செம்பூர் வாசகர்: அணுக்களின் அடுக்கில் உள்ள ஒழுங்கின்மை மீகடத்தலைப் பாதிக்காது என்று 1959-லேயே இயற்பியலாளர் ஆண்டர்சன் சொன்னாரே?

காந்தத்தன்மை இல்லாத, மிதமான ஒழுங்கின்மைக்குத்தான் அது. சில நானோமீட்டர் படலத்தில் எலக்ட்ரான்கள் முட்டி மோதித்தான் நகர்கின்றன; அவற்றுக்கிடையேயான விலக்கு விசை ஓங்கி, ஜோடி சேர்வது தளர்கிறது. 1989-இல் ஹேவிலண்ட், லியூ, கோல்ட்மேன் பிஸ்மத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பூசி அளந்தார்கள். ஒரு சதுரத் துண்டின் தடை (சதுரம் சிறிதோ பெரிதோ, அது ஒன்றுதான்) சுமார் 6,450 ஓமுக்குக் கீழே இருந்த படலங்கள் மீகடத்திகளாயின. அதற்கு மேலே இருந்தவை குளிரக் குளிர மின்காப்பாயின. அளக்கும்போது கம்பிகளில் இரைச்சல் வடிப்பான் போடுங்கள்.

தாணே வாசகர்: அறை வெப்பநிலை மீகடத்தி எப்போது வரும்?

இது 16 கெல்வினுக்கு (சுமார் மைனஸ் 257 டிகிரி செல்சியஸ்), அதாவது நயோபியம் நைட்ரைடு மீகடத்தியாகும் வெப்பநிலைக்கு, கீழே உள்ளவர்களின் கூட்டம்.

டோம்பிவிலி வாசகர்: 6,450 எல்லாப் பொருளுக்கும் பொதுவா?

இல்லை, பொருளுக்குப் பொருள் மாறுகிறது.

முலுண்ட் வாசகர்: அப்படியென்றால் மீகடத்தல் போவதற்கு ஜோடி உடைவதுதான் காரணம்.

அவசரப்படாதீர்கள். டைட்டானியம் நைட்ரைடிலும், இங்கே டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்தில் அளந்த நயோபியம் நைட்ரைடிலும், மீகடத்தல் போன பிறகும் ஜோடிகளின் அடையாளமான ஆற்றல் இடைவெளி தெரிகிறது. கோலாட்டத்தில் ஜோடிகள் அப்படியே நிற்கிறார்கள், தாளம்தான் கூடவில்லை.

முலுண்ட் வாசகர்: மாலிப்டினம் ஜெர்மேனியத்தில் ஜோடியே வலுவிழக்கிறதே! விலக்கு விசை ஜோடியைத் தளர்த்துவது பற்றி ஃபிங்கல்ஸ்டீன் 1987-இல் போட்ட கணக்கு அங்கே பொருந்துகிறது.

பொருந்துகிறது, ஒப்புக்கொள்கிறேன். அதை வைத்து எல்லாப் படலத்தையும் அளக்காதீர்கள் என்பதுதான் என் சண்டை. மீதியை மாட்டுங்காவில் ஃபில்டர் காபியோடு வைத்துக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

வாஷி வாசகர்: அறை வெப்பநிலையில்...

தாணேக்காரருக்குச் சொன்னதேதான்.

பவாய் மாணவி: என் படலத்தின் தடை, அரை கெல்வினுக்குக் கீழே பூஜ்யமாகாமல் தட்டையாக நிற்கிறது, சார். புதிய உலோக நிலையா?

வடிப்பான் போட்டீர்களா, அம்மா? வெளி ரேடியோ இரைச்சல் கம்பி வழியே இறங்கி எலக்ட்ரான்களைச் சூடாக்கும். வெப்பமானி மட்டும் குளிர்ந்ததாகக் காட்டும். 2019-இல் வெளிவந்த ஆய்வில், இண்டியம் ஆக்சைடு படலத்துக்கு நல்ல வடிப்பான் போட்டதும் அந்தத் தட்டையே மறைந்தது. நானும் ஒரு முழு மழைக்காலம் இப்படி ஏமாந்தவன். வடிப்பானோடு அளந்த வரைபடத்தைக் கொண்டுவாருங்கள், பேசலாம்.