ஹார்ப்சிகார்ட் கேட்டால் தலை கனக்கிறது, என்ன செய்வது?

கேள்வி: ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் இசையைப் பல ஆண்டுகளாகப் பியானோவில் கேட்டு வருகிறேன். அதையே பியானோவுக்கு முந்தைய கட்டைக் கருவியான ஹார்ப்சிகார்டில் கேட்டால் பத்து நிமிடத்தில் தலை கனக்கிறது. எல்லாச் சுரங்களும் ஒரே வலுவில் கொட்டுகின்றன. இதை எப்படிக் கேட்பது?

பதில்: முதலில் ஒலியளவைப் பாதி அளவுக்கும் கீழே குறையுங்கள். ஹார்ப்சிகார்ட் சன்னக் குரல் கொண்ட கருவி. பல பதிவுகளில் மைக் தந்திகளுக்கு மிக அருகில் இருக்கிறது. நாமோ பியானோவுக்கு வைத்த அளவிலேயே ஓடவிடுகிறோம். அந்தக் கருவி ஒருபோதும் எழுப்பாத பேரொலி அது. பக்கத்து அறையில் யாரோ வாசிக்கும் அளவுக்கு இறக்கினாலே பாதித் தொல்லை தீரும்.

ஒரே வலு என்று உங்கள் காது சொல்வது சரிதான். பியானோவில் சுத்தியல் தந்தியை அடிக்கிறது. விரலின் வேகத்துக்கு ஏற்ப ஒலி ஏறி இறங்கும். ஹார்ப்சிகார்டில் கட்டையை அழுத்தியதும் மெல்லிய மரத்துண்டு ஒன்று எழும்ப, அதில் செருகிய இறகுத்தண்டு தந்தியை மீட்டுகிறது. ஓங்கி அழுத்தினாலும் மெல்லத் தொட்டாலும் ஏறக்குறைய அதே ஒலிதான். இந்தக் கருவியில் ஒலியைப் பெருக்கவோ குறைக்கவோ முடியாது என்று பிரெஞ்சு இசையமைப்பாளர் பிரான்சுவா கூப்பரான் 1713-இலேயே எழுதினார். 1716-இல் வெளியிட்ட கையேட்டில் வழியும் சொன்னார்: வயலின் போன்ற வில் கருவிகள் ஒலியைப் பெருக்கும் இடத்தில், ஹார்ப்சிகார்ட் கலைஞர் சுரத்தைச் சற்றே தாமதித்து வாசிக்க வேண்டும். காத்திருந்த காதுக்கு அந்தச் சுரம் அழுத்தமாக விழுகிறது. எனக்கு இந்தக் கருவியின் உயிரே அந்த நூலிழைத் தாமதம்தான்.

ஆகவே எந்தச் சுரம் எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். அதற்குக் கூப்பரானின் ‘லே பாரிக்காத் மிஸ்தேரியூஸ்’ மிகப் பொருத்தம். 1717-இல் வெளிவந்த இந்தச் சிறு படைப்பு முழுவதும் கீழ்ச்சுரங்களிலேயே நடக்கிறது, காதைக் குத்தாது. ஒரு சுரம் அடங்கும் முன்னே அடுத்தது அதன்மேல் சாய்கிறது. நாளுக்கு ஒருமுறை, ஒரு வாரம் இதை மட்டும் கேளுங்கள். பிறகு அவருடைய பெரியப்பா லூயி கூப்பரானின் தாளக்கட்டற்ற முன்னிசைகளுக்குப் போகலாம். அவற்றில் சுரங்களின் கால அளவே எழுதப்படவில்லை. கலைஞர்தான் முடிவு செய்கிறார்.

எந்தப் பதிவு என்பதும் முக்கியம். ஹார்ப்சிகார்ட் கலைஞர் வாண்டா லாண்டோவ்ஸ்கா 1933-இல் பதிவு செய்த பாக்கின் ‘கோல்ட்பர்க் மாறுபாடுகள்’ சரித்திரப் பெருமை உடையவை. ஆனால் அவர் வாசித்தது பிளேயெல் நிறுவனம் இருபதாம் நூற்றாண்டில் செய்த கனத்த கருவி. தொடக்கத்துக்குப் பழைய மரக்கருவிகளிலோ அவற்றின் நேர்ப் பிரதிகளிலோ வாசித்த குஸ்தாவ் லியோன்ஹார்ட், ஸ்காட் ராஸ் பதிவுகளே நல்லவை. சுருதி அரைச்சுரம் தாழ்ந்து கேட்டால் பதற வேண்டாம். பலர் அப்படித்தான் சேர்க்கிறார்கள்.

பாக்குக்குத் திரும்பும்போது அதே கோல்ட்பர்க் மாறுபாடுகளில் 8-ஆவதில் தொடங்குங்கள். அது இரண்டு கட்டைவரிசை உள்ள ஹார்ப்சிகார்டுக்கு எழுதப்பட்டது. பியானோவில் ஒன்றோடொன்று மோதும் கைகள் இங்கே ஆளுக்கொரு வரிசையில் ஓடுகின்றன. இரண்டு குரல்களும் இரண்டு நிறத்தில் பிரிந்து கேட்கும்.