தவலையில் என்ன எழுதியிருக்கிறது?

மதிப்பிற்குரிய அம்மா,

வரும் மே மாதம் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெறுகிறேன். முப்பத்தாறு வருட வேலை. அடுத்த மாதமே நானும் என் மனைவியும் ரயிலில் கிளம்புவதாகத் திட்டம். ராமேஸ்வரம், காசி, கயை, அங்கிருந்து அஸ்ஸாம், பிறகு கட்ச் வரை. குறைந்தது ஒரு வருடம். திருச்சி வீட்டை வாடகைக்கு விடப் போகிறோம். மகள் புனேயில், மகன் டொரொன்டோவில். வீட்டுப் பொருள் எதுவும் தங்களுக்கு வேண்டாம் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள்.

ஆறு மாதமாக ஜப்பானின் மாரி கோண்டோ சொல்லும் முறைப்படி, ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து மகிழ்ச்சி தருகிறதா என்று கேட்டு, வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று பன்னிரண்டு சட்டைகள்தான் வைத்திருக்கிறேன். மனம் லேசாகிவிட்டது. துறவு அதிகாரத்தின் முதல் குறளுக்கு இப்போதுதான் பொருள் விளங்குகிறது. பழையன கழிதலும் புதியன புகுதலும் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஒரே சிக்கல் என் மனைவி. அவர் பிறந்த வீட்டுப் பித்தளைத் தவலை, இரண்டு குடம், ஒரு கங்காளம், ஈயச்சொம்பு எல்லாம் பரணில் இருக்கின்றன. இருபது வருடமாக யாரும் தொட்டதில்லை. கொடுத்துவிடலாம் என்றால் மறுக்கிறார். மார்கழியில் அவர் மகள் வீட்டுக்குப் போகும்போது எடைக்குப் போட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். நாலு நாள் வருந்துவார், பிறகு மறந்துவிடுவார்.

என் கேள்விகள் மூன்று. அறுநூறு புத்தகங்களை என்ன செய்வது? பழைய கடிதங்களும் காகிதங்களும் அடைந்து கிடக்கும் டிரங்குப் பெட்டியை அப்படியே போட்டுவிடலாமா? ஒரு வருடப் பயணத்துக்கு எவ்வளவு சுமை எடுத்துப் போகலாம்?

அன்புடன்,
கே., திருச்சி

அன்புள்ள கே.,

போன வாரம் கும்பகோணத்தில் ஒரு பாத்திரக் கடை வாசலில் அரை மணி நேரம் நின்றுவிட்டு வந்தேன். வாங்குவதற்காகப் போகவில்லை. கடைக்கு வெளியே பழைய பித்தளை குவிந்து கிடந்தது. எல்லாம் உருக்கப் போகிற சரக்கு. நசுங்கிப்போன ஒரு குடத்தின் கழுத்தில் புள்ளி புள்ளியாக எழுத்து தெரிந்தது. குனிந்து படித்தேன். இரண்டு எழுத்து, ஒரு தேதி. அந்தத் தேதியில் யாரோ ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நடந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பிய இரவுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனா என்பது சந்தேகம்.

முதலில் சுமை. ரயில்வே கணக்குப்படி ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் ஆளுக்கு 40 கிலோ, இரண்டடுக்கு ஏசியில் 50 கிலோ கட்டணமில்லாமல் கொண்டுபோகலாம். அந்தக் கணக்கு உங்களுக்கு உதவாது. பிளாட்பாரம் மாற மேம்பாலப் படி ஏறும்போது நிற்காமல் தூக்க முடிகிற அளவுதான் உங்கள் சுமை. ஆளுக்கு எட்டு கிலோவைத் தாண்டாதீர்கள். மூத்த குடிமக்கள் சலுகை 2020 மார்ச்சில் நின்றது, இன்னும் திரும்ப வரவில்லை. முழுக் கட்டணத்துக்குத் திட்டமிடுங்கள். முன்பதிவும் இப்போது 60 நாளுக்கு முன்புதான். நவம்பரில் எந்த ஊரில் இருந்தாலும் பென்ஷனுக்கான வாழ்நாள் சான்றை மறந்துவிடாதீர்கள். கைபேசியிலேயே ஜீவன் பிரமாண் மூலம் கொடுத்துவிடலாம்.

புத்தகங்களைக் கிளை நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். 2023இல் சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத்துறையே அரங்கு வைத்துக் கைதிகளுக்காகப் புத்தகங்களை நன்கொடையாக வாங்கிக்கொண்டது. அப்படிப் போனாலும் நல்லதுதான். ஆனால் பழைய அச்சு, நாடக நோட்டீசு, பாட்டுப் புத்தகம் என்று ஏதாவது அகப்பட்டால் தனியே எடுத்து வையுங்கள். கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிக்கொண்டிருந்த ரோஜா முத்தையா என்ற மனிதர், மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபோது சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அதை விலைக்கு வாங்கி, அது தமிழ்நாட்டிலேயே இருக்கட்டும் என்று சென்னையில் வைத்ததால் நமக்கு ஒரு ஆராய்ச்சி நூலகம் கிடைத்தது. டிரங்குப் பெட்டி விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

நீங்கள் காட்டிய மேற்கோள்கள் இரண்டும் தவறான இடத்தில் வந்து நிற்கின்றன. பழையன கழிதல் என்பது நன்னூல் சூத்திரம். சொற்கள் வழக்கொழிவதையும் புதிய சொற்கள் வருவதையும் பற்றி இலக்கணம் சொன்னது அது. போகிப் பண்டிகைக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள், போகட்டும். உங்கள் மனைவியின் தவலைக்குப் பயன்படுத்தாதீர்கள். குறளோ, நீங்களே சொல்வதுபோல், துறவு அதிகாரத்தில் இருக்கிறது. நீங்கள் துறவு பூணவில்லை. பென்ஷனோடும் முன்பதிவு டிக்கெட்டோடும் மனைவியோடும் ஊர் சுற்றப் போகிறீர்கள். அதில் எனக்கு மகிழ்ச்சிதான். முப்பத்தாறு வருடம் பிறர் பணத்தை எண்ணிக் கொடுத்தவர் பிரம்மபுத்திராவைப் பார்க்கப் போகிறார் என்பது எவ்வளவு நல்ல சேதி. போய் வாருங்கள். ஆனால் நீங்கள் துறப்பதாகச் சொல்வது உங்களுடையது அல்ல என்பது உங்கள் கண்ணில் படவே இல்லையே, அதுதான் என்னைச் சுடுகிறது.

மாரி கோண்டோ என்கிறீர்கள். அந்த முறையிலே ஒரு வரிசை இருக்கிறது. முதலில் துணி, பிறகு புத்தகம், காகிதம், சில்லறைச் சாமான். நினைவுப் பொருள்கள் கடைசியில்தான். சிறுவயதில் வீட்டாரின் பொருள்களை அவர்களுக்குத் தெரியாமல் எறிந்து, அகப்பட்டுக்கொண்டு திட்டு வாங்கியதை அந்தப் பெண்மணியே எழுதியிருக்கிறார். பிறர் பொருளில் கை வைக்காதே என்பது அவர் கற்றுக்கொண்ட முதல் பாடம். நீங்களோ மனைவி ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துத் தராசு வைக்கப் போகிறீர்கள். இதற்கு ஜப்பானிலிருந்து முறை வேண்டாம், நம் ஊரிலேயே பெயர் இருக்கிறது. சட்டத்திலும் இருக்கிறது. மனைவி கொண்டுவந்த சீதனப் பொருள் அவளுடைய தனிச்சொத்து, புகுந்த வீட்டுக்கு வந்ததாலேயே அது கணவனோடு கூட்டுச் சொத்தாகிவிடாது என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வங்கி அதிகாரிக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறதே.

சட்டத்தை விடுங்கள். ‘மறந்துவிடுவார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

1984இல் என் அப்பா பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். அவருக்கும் உங்களைப் போலவே ஆசை, காசிக்குப் போக வேண்டும், போவதற்கு முன் வீட்டைச் சுத்தமாக்கிவிட வேண்டும். நான் முதல் பிரசவத்துக்கு வந்திருந்தேன். ஒரு நாள் காலையில் பழைய பாத்திரம் வாங்குகிறவர் திண்ணையில் தராசைத் தொங்கவிட்டார். அப்பா பரணிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினார். அண்டா, உருளி, அடுக்கு, கடைசியாக ஒரு குடம். உள்ளே பூசிய ஈயத்துக்கும் நசுங்கலுக்கும் கழிவு போட்டு எடை சொன்னார் வியாபாரி. அப்பா ஒரு நோட்டில் கூட்டிக்கொண்டே வந்தார். அம்மா அடுக்களை நிலைப்படியில் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். குடம் தட்டில் ஏறியபோது மட்டும் உள்ளே போய்விட்டாள். நான் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்கும் அது என்னை உறுத்துகிறது.

அந்தக் குடம் பாட்டி அம்மாவுக்குக் கல்யாணத்தில் கொடுத்தது. பாட்டிக்கு அவள் அம்மா கொடுத்தது. பாட்டி பெயரின் முதல் மூன்று எழுத்து, கீழே 1931. எழுத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார்கள், அதனால் முழுப் பெயர் வெட்டுவது அபூர்வம். கடை வாசலில் சிற்றுளியும் சின்னச் சுத்தியலுமாக உட்கார்ந்து புள்ளி புள்ளியாகத் தட்டுவார்கள். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொரு புள்ளியும் ஒரு சின்னப் பள்ளம், விரல் நுனியில் தெரியும். பாட்டி பள்ளிக்கூடம் போனவள் இல்லை. அந்த மூன்று எழுத்தையும் தடவித் தடவியே கற்றுக்கொண்டாள் என்று அம்மா சொல்வாள்.

யோசித்துப் பாருங்கள். வீட்டுப் பத்திரம் தாத்தா பெயரில். நிலப் பட்டா தாத்தா பெயரில். குடும்ப அட்டையில் தலைவர் தாத்தா. அவளுக்கு வரும் கடிதத்தின் உறையில்கூட அவர் பெயர்தான் இருக்கும். பாட்டியின் பெயர் எழுதப்பட்ட ஒரே பொருள் அந்தக் குடம். தமிழ்நாட்டில் மகளுக்கும் மகனைப் போலப் பூர்விகச் சொத்தில் பங்கு என்று சட்டத்திருத்தம் வந்தது 1989இல். அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களுக்கு அந்தத் திருத்தம் பொருந்தவும் இல்லை. உங்கள் மாமியார் தலைமுறையில் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து வந்த பங்கு என்றால் கொஞ்சம் நகை, கொஞ்சம் பாத்திரம். நகை பிள்ளைகளின் படிப்புக்கும் மனைக்கும் வைத்தியத்துக்கும் அடகுக் கடைக்குப் போயிருக்கும். உங்கள் வீட்டிலும் போயிருக்கும், நீங்களே வங்கியில் இருந்தவர், உங்களுக்குத் தெரியாததா? மிச்சமிருப்பது பரணில் இருக்கிறது. அதைத்தான் இருபது வருடமாக யாரும் தொடவில்லை என்கிறீர்கள். ஆண்கள் தங்கள் சான்றிதழ்களை எத்தனை வருடத்துக்கு ஒருமுறை தொட்டுப் பார்க்கிறார்கள்? பட்டயத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பீர்கள், இல்லையா? அது மகிழ்ச்சி தருகிறதா என்று கையில் எடுத்துக் கேட்டீர்களா?

ஈயச்சொம்பையும் பட்டியலில் சேர்த்திருக்கிறீர்கள். அது வெள்ளீயம். 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரைதான் அடுப்பில் நிற்கும், ஒரு நிமிஷம் கவனம் தப்பினால் அடி ஒழுகிப்போகும். அது இத்தனை காலம் முழுசாக இருக்கிறது என்றால், அத்தனை காலமும் ஒருத்தி அதன் பக்கத்திலேயே நின்றிருக்கிறாள் என்று அர்த்தம். அந்த ரசத்தைச் சாப்பிட்டவர்தானே நீங்கள்?

அப்பாவும் அம்மாவும் காசிக்குப் போனார்கள். கயையில் அட்சயவடம் என்ற ஆலமரத்தின் அடியில் ஒரு காய், ஒரு கனி, ஒரு இலை விட்டுவிட வேண்டும், அதற்குப் பிறகு அதைச் சாப்பிடக்கூடாது. நீங்களும் போகப் போகிறீர்கள், உங்களையும் கேட்பார்கள். பலர் தங்களுக்குப் பிடிக்காததைச் சொல்லித் தப்பித்துக்கொள்வார்கள். அப்பா பாகற்காயை விட்டார், அவர் அதை ஒரு நாளும் சாப்பிட்டதில்லை. அம்மா மாம்பழத்தை விட்டாள். அவள் உயிர் அதில்தான். அதற்குப் பிறகு பதினேழு கோடைகள் இருந்தாள். பேரப் பிள்ளைகளுக்கு நறுக்கிக் கொடுப்பாள், கத்தியை நாக்கில் வைத்ததில்லை. அம்மாவுக்கு விடத் தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? விட வேண்டியதைத் தன் வாயால் சொல்லி விட்டாள். குடத்தைப் பற்றி அவளை யாரும் கேட்கவே இல்லை.

குடத்தைப் பற்றி அவளும் பேசியதில்லை. மறந்துவிட்டாள் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

2001இல் அவள் போன பிறகு, அவளுடைய டிரங்குப் பெட்டியை நானும் தம்பியும் திறந்தோம். மடித்த புடவைகளுக்கு அடியில் காகிதங்கள். மருந்துச் சீட்டு, மொய்க் கணக்கு, நான் எழுதிய இன்லண்ட் கடிதங்கள். ஒன்று மாதக் காலண்டரின் தாள், 1984. பின்பக்கம் முழுக்கப் பென்சிலால் கிறுக்கியிருந்தது. குழந்தை கிறுக்கியது என்று தம்பி அதைக் கழிவுக் காகிதத்தோடு போட்டான். குப்பையைக் கட்டும்போது வெளிச்சத்தில் திரும்பியதில்தான் பார்த்தேன். பென்சில் கறுப்புக்கு நடுவே வெள்ளைப் புள்ளிகள். மூன்று எழுத்து. கீழே 1931. குடம் போவதற்கு முந்தின இரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து எடுத்திருக்கிறாள். வளைவில் தாள் மடங்கிய இடத்தில் கடைசி எழுத்து கொஞ்சம் சிதைந்திருக்கிறது.

அந்தத் தாள் இப்போது நான் எழுதும் மேசையின் இழுப்பறையில் இருக்கிறது. டிரங்குப் பெட்டியை அப்படியே போட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். ஒவ்வொரு தாளையும் இரண்டு பக்கமும் பார்க்காமல் ஒன்றையும் போடாதீர்கள். உங்களுக்கு மே மாதம் வரை பொழுது இருக்கிறது.

பாத்திரங்களுக்கு வழி இல்லாமல் இல்லை. வீட்டை வாடகைக்கு விடும்போது ஒரு சின்ன அறையைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள். வாடகையில் கொஞ்சம் குறையும், குறையட்டும். அல்லது உங்கள் மனைவியே யாருக்காவது கொடுக்க விரும்பலாம், ஒரு தங்கைக்கோ, தங்கை மகளுக்கோ. யாருக்கு, எதை, எப்போது என்று அவர்தான் சொல்ல வேண்டும். ஒன்றையும் கொடுக்க மாட்டேன் என்றாலும் சரிதான்.

மார்கழி வரை காத்திருக்காதீர்கள். இன்றைக்கே ஏணி போட்டு அந்தத் தவலையைக் கீழே இறக்குங்கள். இருபது வருடக் களிம்பு ஏறியிருக்கும், எழுத்து இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. புளியும் உப்பும் போட்டுத் தேய்க்க வேண்டும். அவரைத் தேய்க்கச் சொல்லாதீர்கள், நீங்கள் தேயுங்கள், அவரைப் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். விளிம்புக்குக் கீழே, கழுத்தைச் சுற்றிப் பாருங்கள். யார் பெயர், எந்த வருடம் என்று எனக்கு எழுதுங்கள்.