ஜோ பை முளைக்கவில்லையா? லோங்காங் ஓரத்துச் செண்டுடுக்கைப் பாருங்கள்

கேள்வி: செந்தூலில் முனை வீட்டில் இருக்கிறோம். வீட்டின் பக்கவாட்டில் ஆறடி அகலத்துக்கு நிலம் சும்மா கிடக்கிறது. தேனீயும் பட்டாம்பூச்சியும் வருவதற்கு ஆள் உயரம் வளரும் காட்டுப்பூச்செடி வைக்க ஆசை. இணையத்தில் பார்த்து ‘ஜோ பை வீட்’ விதை வரவழைத்தேன். இரண்டு தடவை போட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை. வேறு வழி உண்டா? – ஒரு வாசகி

பதில்: உங்கள் கைராசியில் குறை ஒன்றும் இல்லை. ஜோ பை வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த செடி. அங்கே ஈரமான நிலத்தில் ஐந்து, ஆறு அடிக்கு எழும்பி, கோடை முடியும் நேரத்தில் வெளிர் ஊதாவில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். பட்டாம்பூச்சிகள் மொய்க்கும். நீங்கள் பார்த்த படங்கள் பொய் இல்லை. ஆனால் அதன் விதை சில வாரமாவது ஈரக் குளிரில் கிடந்தால்தான் ஒழுங்காக முளைக்கும். ஐஸ் பெட்டியில் வைத்து முளைக்க வைத்துவிடலாம்தான். அப்புறம் என்ன செய்வது? பனிக்காலத்தில் தண்டெல்லாம் பட்டுப்போய், வேர் மட்டும் ஓய்வெடுத்து, வசந்தத்தில் மறுபடி கிளம்புவது அதன் சுபாவம். நள்ளிரவிலும் 23, 24 டிகிரியில் நிற்கும் கோலாலம்பூரில் அந்த ஓய்வுக்கு வழியில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு விதையை மலேசியாவுக்குள் கொண்டுவர இறக்குமதி அனுமதி வேண்டும். தபாலில் வரும் சின்னப் பொட்டலத்துக்கும் அதே விதிதான். இனி வரவழைக்காதீர்கள்.

உங்களுக்கு வேண்டிய செடி இந்த ஊரிலேயே இருக்கிறது. செண்டுடுக். ரயில் பாதை ஓரம், பெரிய லோங்காங் (சாக்கடை) கரை, மண் வெட்டிய மேடு என்று எங்கும் தானாக முளைத்து நிற்கும் ஊதாப்பூச் செடி. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அதன் பழம் ஞாபகம் இருக்கும். தின்றால் நாக்கு கருநீலமாகிவிடும், வீட்டில் மறைக்கவே முடியாது. புதர் வகை, பல ஆண்டு நிற்கும், பெரும்பாலும் ஆறு முதல் பத்தடி வரை வளரும். ஒரு பூ ஒரு நாள்தான் தாங்கும். ஆனால் அடுத்த மொட்டு தயாராக இருப்பதால் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூ இருக்கும். இதில் ஒரு வேடிக்கை: நாம் ஜோ பைக்கு ஆசைப்படுகிறோம், அமெரிக்காவிலோ செண்டுடுக் தீங்கான களைகளின் அரசுப் பட்டியலில் இருக்கிறது. ஹவாயில் அது காடாகப் பரவிவிட்டது. எந்தச் செடிக்கும் அதனதன் ஊர்தான் நல்லது.

இப்போது நீங்கள் கேட்ட தேனீ, பட்டாம்பூச்சி விஷயம். செண்டுடுக் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான். ஒரு பூவைக் கிட்டே வைத்துப் பாருங்கள்: ஐந்து இதழ், நடுவில் பத்து மகரந்தக் காம்பு. ஐந்து குட்டை, மஞ்சள். ஐந்து நீளம், ஊதா, வளைந்திருக்கும். மகரந்தம் வெளியே தூவிக் கிடக்காது. ஒவ்வொரு காம்பின் நுனியிலும் உள்ள சிறு துளைக்குள் இருக்கும். உப்பு டப்பாவைக் குலுக்குவதுபோல் குலுக்கினால்தான் உதிரும். அந்த வேலையைச் செய்வது பெரிய கருவண்டு, அதுவும் ஒரு தேனீ வகைதான். மஞ்சள் காம்புகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமல் உடம்பை மட்டும் அதிர வைக்கும். பறக்கும்போது வரும் ரீங்காரத்தைவிடச் சுருதி கூடிய ஒரு சத்தம் கேட்கும். மஞ்சள் காம்பின் மகரந்தம் வண்டுக்குச் சாப்பாடு. ஊதாக் காம்பு தன் பங்கை வண்டின் உடம்பில் அதற்கே தெரியாமல் பூசி அனுப்பிவிடும். சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை வராது. கெலுலுட் என்னும் கொடுக்கில்லாத சின்னத் தேனீ வந்து சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும்.

ஆகவே பட்டாம்பூச்சிக்குத் துணைச்செடி ஒன்று வேண்டும். என் தேர்வு பகோடா பூ. மலாய்க்காரர்கள் பங்கில்-பங்கில் என்பார்கள். கோபுரம் போல அடுக்கடுக்காக ஆரஞ்சுச் சிவப்பில் பூக்கும் இந்த வட்டாரத்துச் செடி. பூக்குழல் நீளம் என்பதால் பெரிய சிறகுள்ள பட்டாம்பூச்சிகள்தான் அதிகம் வரும். அரை நிழலிலும் வளரும். ஆனால் வேரிலிருந்து கன்று விட்டுக்கொண்டே போகும், அவ்வப்போது பிடுங்க வேண்டும். உங்கள் வீட்டில் கறிவேப்பிலையோ எலுமிச்சையோ இருந்தால் அதில் தெரியும் புழுக்களைக் கொல்லாதீர்கள். பெரும்பாலும் அவைதான் நாளைய பட்டாம்பூச்சிகள்.

செடி எங்கே கிடைக்கும்? சுங்கை பூலோ நர்சரிகளில் கேட்கலாம். அங்கே ஊதாப்பூவைக் காட்டினால் கொஞ்சம் கவனமாக இருங்கள். அது பிரேசில் நாட்டு டிபோச்சினாவாக இருக்கலாம். அதன் நடுவில் மஞ்சள் காம்பு இருக்காது, எல்லாம் ஊதாதான். வெள்ளைப் பூவும் தண்டெல்லாம் முரட்டு முடியும் இருந்தால் அது செண்டுடுக் பூலு, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து பரவிய களை. இலையில் நீளவாக்கில் ஓடும் நரம்புகள் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருப்பதால் இலையை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

காசு செலவழிக்க மனமில்லையா, சாலையோரச் செடியில் வெடித்த பழம் நாலைந்து பறித்து, தண்ணீரில் பிசைந்து, விதையை வடிகட்டி ஈர மண்மேல் தூவுங்கள். விதை பொடிப்பொடியாக இருக்கும், மண் போட்டு மூடக்கூடாது. முற்றாத கிளையை வெட்டி நட்டாலும் வேர் பிடிக்கும்.

அதைவிட முக்கியம் மண். தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளின் பக்கவாட்டு நிலத்தில் தோண்டினால் சிமெண்டுக் கட்டியும் உடைந்த ஓடும்தான் வரும். சிமெண்டு கலந்த மண்ணில் காரம் ஏறியிருக்கும்; செண்டுடுக்குக்கோ புளிப்பு மண்தான் பிடிக்கும். பெரும்பாலான பயிர்களைக் கெடுக்கும் அலுமினியம்கூட இதற்கு ஒத்துக்கொள்ளும். ஒன்றரை அடி ஆழத்துக்குக் குப்பையை அள்ளிவிட்டுச் செம்மண்ணோடு கொஞ்சம் மக்கிய இலை கலந்து நிரப்புங்கள். சுண்ணாம்பு போடவே கூடாது. உரமும் வேண்டாம், போட்டால் இலைதான் மண்டும். நல்ல வெயில் இருக்கட்டும். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்றினால் போதும், பிறகு மழை பார்த்துக்கொள்ளும். ஆண்டுக்கு ஒருமுறை இடுப்பு உயரத்துக்கு வெட்டிவிட்டால் அடர்த்தியாகத் தழைக்கும்.

கருவண்டு காய்ந்த மரத்தைத் துளைத்துக் கூடு கட்டும். மூலையில் ஒரு பழைய மரக்கட்டையைப் போட்டு வையுங்கள். கொஞ்சம் அதிர்ஷ்டம் இருந்தால் கூரைச் சட்டத்தை விட்டுவிடும். பூச்சிமருந்து அடிக்காதீர்கள். டிங்கிக்காகத் தாமானில் புகை அடிக்க வருவதைத் தடுக்க முடியாது, அந்தப் புகை தேனீயையும் சேர்த்துத்தான் கொல்லும். ஆகவே தொட்டிக்கு அடியில் தட்டு வைக்காதீர்கள், தண்ணீர் தேங்க விடாதீர்கள். கொசுப்புழு கண்டுபிடித்தால் அபராதச் சீட்டும் உங்கள் பேரில்தான் வரும்.