ஆங்கிலச் சொற்களின் லத்தீன் வேர்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, ரோமானியப் படைவீரர்களுக்கு உப்பைக் கூலியாகக் கொடுத்ததால் ‘சேலரி’ வந்தது என்கிறார்களே? நம் ‘சம்பளம்’கூட சம்பா நெல்லும் அளமும் (உப்பும்) சேர்ந்ததுதானாமே?

பதில்: வேர் சரி, கதைக்குத்தான் ஆதாரமில்லை. லத்தீனில் ‘சால்’ என்றால் உப்பு. அதன் வழி வந்தது ‘சலாரியம்’. ஆனால் வீரர்களுக்கு உப்பு அளந்து போட்டதாகச் சொல்லும் ரோமானியர் காலத்துச் சான்று கிடைக்கவில்லை. பழைய நூல்களில் சலாரியம் என்பது பணமாகத் தரும் ஊதியம், படி. சம்பளத்தின் கதை எதுவானாலும் அதை லத்தீனுக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது. ஒவ்வொரு சொல்லையும் அதன் மொழியில் கிடைக்கும் பழைய வழக்கை வைத்தே தீர்க்க வேண்டும்.

கேள்வி: ‘சின்சியர்’ என்றால் ‘மெழுகு பூசாத’ என்று பொருளாமே?

பதில்: இல்லை. ‘சினே’ (இல்லாமல்), ‘சேரா’ (மெழுகு) என்று பிரித்துப் பின்னால் கட்டிய கதை அது. ‘சின்சேரஸ்’ என்றால் கலப்பற்ற, தூய.

கேள்வி: ‘அகாமடேட்’டில் சி, எம் இரண்டும் இரட்டிக்கின்றன. ‘ரெக்கமண்ட்’டில் எம் மட்டும்தான். ஒவ்வொரு தேர்விலும் தப்பாகிறது. விதி உண்டா?

பதில்: உண்டு. தமிழ் படித்தவருக்கு எளிதாகவே பிடிபடும். நல் + நூல் நன்னூல் ஆகிறதல்லவா? வருமொழியின் முதலெழுத்துக்கு இணங்கி நிலைமொழியின் ஈறு மாறுகிறது. லத்தீனிலும் இதே புணர்ச்சிதான். ‘அட்’ என்ற முன்னொட்டுக்கு ‘நோக்கி’ என்று பொருள். அதன் டி, பல இடங்களில் பின்னால் வரும் எழுத்தாகவே மாறிவிடும். அதனால்தான் ‘அஃபெக்ட்’டில் இரண்டு எஃப், ‘அரைவ்’வில் இரண்டு ஆர், ‘அசிஸ்ட்’டில் இரண்டு எஸ்.

இப்போது அகாமடேட்டைப் பிரியுங்கள்: அட் + கொம் + மோதுஸ் (அளவு). அட்டின் டி, சி ஆனது; ஆக இரண்டு சி. கொம்மின் எம்மும் மோதுஸின் எம்மும் சேர்ந்து இரண்டு எம். ரெக்கமண்ட் என்பது ரெ + கொம் + மந்தாரே (ஒப்படைத்தல்). ‘ரெ’ உயிரில் முடிவதால் இணங்கி மாற அங்கே மெய் இல்லை; ஒரு சி போதும். தப்பு நேர்வது காதால் எழுதும்போதுதான். இரட்டித்த எழுத்து இன்றைய உச்சரிப்பில் தனியாகக் கேட்காது. பிரித்துப் பார்த்து எழுதினால் தப்பாது.

கேள்வி: ‘டெட்’ (கடன்) என்கிறோம். எழுத்தில் மட்டும் நடுவே பி எதற்கு?

பதில்: பிரெஞ்சு வழியாக வந்தபோது அந்தச் சொல்லில் பி கிடையாது. லத்தீன் மூலம் ‘தேபிதும்’ என்பதைக் காட்டப் பிற்காலப் படிப்பாளிகள் செருகினார்கள். வாய் அதை ஏற்கவில்லை. ‘டவுட்’டில் உள்ள பி-யும் ‘துபிதாரே’யை நினைத்துச் செருகியதே. ‘ஐலண்ட்’டில் இருக்கும் எஸ்தான் பெரிய பிழை. அது லத்தீனே அல்ல, பழைய ஆங்கிலச் சொல். லத்தீன் ‘இன்சுலா’விலிருந்து வந்த ‘ஐல்’ என்ற வேறு சொல்லின் எஸ் இதில் ஒட்டிக்கொண்டது.

கேள்வி: ‘கேஷ்’ நம் ‘காசு’தானே?

பதில்: ஆங்கிலத்தில் இரண்டு கேஷ் உண்டு. ரொக்கம் என்ற பொருளில் வருவது லத்தீன் ‘கப்சா’வின் வழி. கப்சா என்றால் பெட்டி. முதலில் பணப்பெட்டியைக் குறித்து, பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்தைக் குறித்தது. மற்றொன்று தென்னிந்தியச் சிறு செப்பு நாணயத்தின் பெயர். 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று சென்னையில் கிழக்கிந்தியக் கும்பினியின் கணக்கு நடந்ததே, அந்தக் காசு. இது தமிழிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. எழுத்தும் ஒலியும் ஒன்று, பிறப்பு வேறு. ‘ரொக்கம் தமிழிலிருந்து போனது’ என்று தயவுசெய்து எழுதாதீர்கள். நாணயப் பெயரில் நமக்கு உள்ள உண்மையான உரிமையும் அதனால் சந்தேகத்துக்குள்ளாகும்.

கேள்வி: 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் சங்கீதம் 119:147, ‘நான் விடியலைப் பிரிவென்ட் செய்தேன்’ என்கிறது. விடியலை எப்படித் தடுப்பது?

பதில்: தடுக்கவில்லை, முந்திக்கொண்டார். ‘ப்ரே’ முன், ‘வெனிரே’ வருதல். விடியுமுன் எழுந்தேன் என்று பொருள். முந்திப்போய் மறித்தல் என்ற வழியில் ‘தடு’ என்ற பொருள் நிலைத்து, பழையது வழக்கொழிந்தது. ‘நைஸ்’ இன்னும் தூரம் போயிருக்கிறது. லத்தீன் ‘நெஸ்கியுஸ்’ அறியாதவன். ஆங்கிலத்தில் முதலில் முட்டாள், பிறகு நுணுக்கம் பார்ப்பவர், 18-ஆம் நூற்றாண்டில்தான் இனியது. பழைய நூலில் ‘நைஸ்’ கண்டால் ஆண்டைப் பார்க்காமல் பொருள் எழுதாதீர்கள். ஆக்ஸ்ஃபர்டு பேரகராதியில் குறுவாள் குறி (†) இருந்தால் அந்தப் பொருள் வழக்கொழிந்தது. அதன் கீழுள்ள மேற்கோள்களின் ஆண்டுகள் எங்கே நிற்கின்றன என்றும் பாருங்கள்.

கேள்வி: நாளைக்கென்று தள்ளுவது ‘ப்ரொக்ராஸ்டினேட்’. நாளை மறுநாளைக்குத் தள்ளினால்?

பதில்: அதற்கும் சொல் இருந்தது: ‘பெரெண்டினேட்’. லத்தீனில் ‘க்ராஸ்’ நாளை, ‘பெரெண்டியே’ நாளை மறுநாள். இன்று பேச்சில் கிடையாது. கட்டுரையில் போட்டால் பொருளையும் கூடவே எழுதிவிடுங்கள்.