முதல் உலகப் போரை வென்று தந்த கிளெமான்சோ ஏன் பிரான்ஸின் அதிபராகவில்லை?

சுருக்கமாகச் சொன்னால், ஊரெல்லாம் பகை. கிளெமான்சோ படித்தது மருத்துவம். ஆனால் பேனாவும் நாடாளுமன்றமும்தான் அவருடைய களம். அமைச்சரவைகளைக் கவிழ்ப்பதில் கைதேர்ந்தவர் என்பதால் 'புலி' என்றே பெயர். அதிபர் புவான்காரேவுக்கு அவரை அறவே பிடிக்காது. இருந்தும் 1917 நவம்பரில் வேறு வழியின்றி, 76 வயதான அவரைப் பிரதமராக்கினார். மனிதர் பதுங்குகுழிகளுக்கே போய் வீரர்களைச் சந்தித்தார். ஜெர்மனியுடன் சமரசம் பேசிய முன்னாள் பிரதமர் கயோவைக் கைது செய்யவைத்தார்.

சரி, வெற்றிக்குப் பிறகு? போருக்குப் பின் ஜெர்மனியுடன் செய்துகொண்ட வெர்சாய் அமைதி ஒப்பந்தத்தில் ஜெர்மனிக்கு விட்டுக்கொடுத்துவிட்டார் என்று வலதுசாரிகளுக்குக் கோபம். வேலைநிறுத்தங்களை ஒடுக்கியதைச் சோசலிஸ்டுகள் மறக்கவில்லை. நாத்திகர் என்பதால் கத்தோலிக்கர்களுக்கும் ஆகவில்லை. அன்று அதிபரைத் தேர்ந்தெடுத்ததோ மக்களல்ல, நாடாளுமன்ற உறுப்பினர்கள்தான்! 1920 ஜனவரியில் நடந்த முன்னோட்ட வாக்கெடுப்பில் போட்டியாளர் தெஷானெல் முந்தியதும் கிளெமான்சோ விலகிக்கொண்டார். வேடிக்கை என்னவென்றால், தெஷானெலும் உடல்நலம் குன்றி அதே ஆண்டு செப்டம்பரில் பதவி விலகினார்.