கேள்வி-பதில்: 58 வயதுக்கு எத்தனை சிசி?

கேள்வி: வயது 58, உயரம் 165 செ.மீ. எஸ்டேட் மண்பாதையில் ஓட்ட பைக் தேடுகிறேன். 200 சிசி போதுமா, 400 வேண்டுமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: சிசியை விட எடையைத்தான் முதலில் பாருங்கள். மண்பாதையில் வண்டி சாயாமல் இருக்காது. தூக்கி நிறுத்த வேண்டியவர் நீங்கள். ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 சுமார் 159 கிலோ, ராயல் என்ஃபீல்டின் பழைய ஹிமாலயன் 411 சுமார் 199. சரிவில் அந்த 40 கிலோ இடுப்பைப் பிடித்துவிடும். 200 போதும். எக்ஸ்பல்ஸில் 'ப்ரோ' மாடல் வேண்டாம். அதன் இருக்கை 891 மி.மீ., உங்களுக்குக் கால் எட்டாது. சாதா மாடல் 825 மி.மீ.தான்.

ஏற்றத்தில் இழுவை குறைவாகப்பட்டால் பின் ஸ்ப்ராக்கெட்டை (செயின் ஓடும் பல்சக்கரம்) இரண்டு பல் கூடுதலானதாக மாற்றுங்கள். முதல் கியரில் கிளட்சைத் தேய்க்காமல் மெதுவாக ஏறலாம். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், எஸ்டேட்டில் அது யாருக்கு வேண்டும்? நீங்கள் உட்காரும்போது பின்பக்கம் 50-55 மி.மீ. இறங்குமாறு ப்ரீலோடை (பின் சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் இறுக்கம்) திருப்பிச் சரிசெய்யுங்கள். டயர் காற்று மண்ணில் 20 பி.எஸ்.ஐ.; அதற்கும் கீழே போனால் டயர் கல்லில் மோதும்போது உள்ளே ட்யூப் ரிம்மில் நசுங்கி ஓட்டையாகும்.

வலப்பக்கம் விழுந்தால் முதலில் சைடு ஸ்டாண்டை விரித்து, கியரில் போட்டுவிட்டுத் தூக்குங்கள். இல்லையேல் நிமிர்ந்த வண்டி மறுபக்கம் சாயும். முதுகை இருக்கையில் சாய்த்து, கால் பலத்தில் எழுப்ப வேண்டும். வாங்கும் முன் ஷோரூமிலேயே, அனுமதி கேட்டு, ஒருமுறை தூக்கிப் பாருங்கள்.